நாலரைக்கே பொழுது சாயும் ஊர்

தரணிக்கு,

சௌக்கியமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இந்த முறை கேட்கப்போவதில்லை. நீ சௌக்கியமாகத்தான் இருக்கிறாய். சௌக்கியம் இல்லாதவன் யாரும் ஓர் ஆற்றைப் பற்றி அத்தனை பக்கம் எழுதமாட்டான். உன் நைனா வேர்க்கடலை மண்டியிலிருந்து வந்து, மல்லாட்டை உரித்துக்கொண்டே உன் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தார். உன் ஊரின் சரித்திரம், உன் ஊரின் பூகோளம், எந்த ராஜா வேட்டைக்கு வந்தான், எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம், எல்லாம் வந்தது. எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தின் அடியில், ஓரமாக, பத்மாவைக் கப்பலேற்றி அனுப்பிவிடுங்கள் என்று ஒரு வரி. டிக்கெட்டைப் புதுச்சேரி மாமா வழியாக அனுப்பியிருக்கிறேன் என்று இன்னொரு வரி. பெண்டாட்டியை அனுப்பச் சொல்வதற்கு ஒரு வரி போதும் என்றால், அந்த ஆற்றுக்கு ஏன் அத்தனை பக்கம்? அனுப்பப்போகிறேனா இல்லையா என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். நீ எங்களைக் காக்க வைத்த மாதிரி உன்னையும் காக்க வைக்கப்போகிறேன். புரட்டிப் பார்க்காமல் வரிசையாகப் படி.

முதலில் உன் ஊரின் பெயர். வில்நெவ். வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி அதை எழுதியிருக்கிறாய். நான் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள், கன்னியாஸ்திரீகளிடம் அஞ்சு வகுப்பு படித்தவள், எனக்கே அர்த்தம் சொல்கிறாயா? பிரெஞ்சில் வில் என்றால் ஊர். நெவ் என்றால் புதுசு. ஆக, புதூர். நம் செஞ்சியிலிருந்து வல்லத்துப் பக்கம் போனால் காலில் இடறுகிற இடமெல்லாம் புதூர்தான். இதற்காகவா கப்பல் ஏறிக் கடல் தாண்டிப் போனாய் என்று கேட்டு ஊர் சிரிக்கும். அந்தப் புதூரில் ஆறு ஒரு பக்கம் வளைந்து போகிறதாம். வளைவின் வெளிப்பக்கம் சுண்ணாம்புப் பாறை மேடாம், உள்பக்கம் தாழ்ந்த மண்ணாம். மேட்டில் பணக்காரர்களும் பழைய மாளிகையும். பள்ளத்தில் ரயில் தண்டவாளமும் தொழிற்சாலையும் நீயும். இதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். வெள்ளம் வந்தால் எந்தப் பக்கம் முங்கும் என்று சொல்ல எனக்குப் பூகோளம் தெரிய வேண்டியதில்லை. நீயே எழுதியிருக்கிறாய், ஒரு காலத்து வெள்ளம் எதுவரை ஏறியது என்று மாதாகோயில் சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறார்களாம், உன் தலைக்கு மேலே அந்தக் கோடு இருக்கிறதாம். உன் தலைக்கு மேலே என்று எழுதும்போது எங்களை நினைக்கவில்லையா? அந்த வரியில் உன் நைனா மல்லாட்டை உரிப்பதை நிறுத்தினார்.

முன்னே அங்கே மீன் பிடிக்கிறவர்களும் திராட்சை பயிரிடுகிறவர்களும்தான் இருந்தார்களாம். அப்புறம் ரயில் வந்ததாம். ரயில் வந்ததும் திராட்சைத் தோட்டமெல்லாம் வீடாகி, எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து குடியேறினார்களாம். இத்தாலிக்காரன், போர்த்துகீசியன், அல்ஜீரியாக்காரன். அல்ஜீரியாக்காரர்கள் மட்டும் ஆற்றோரம் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள் என்று அதே வாக்கியத்தில் எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்தில், இந்த ஊரில் எல்லோருமே வந்தவர்கள்தான் அம்மா, அதனால் யாரும் யாரையும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை என்று எழுதுகிறாய். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். நான் வெள்ளைக்காரன் தெருவுக்கும் நம் தெருவுக்கும் நடுவே வாய்க்கால் ஓடிய ஊரில் வளர்ந்தவள். அந்த வாய்க்கால் நாற்றம் எந்தப் பக்கம் அடித்தது என்று எனக்குத் தெரியும். வித்தியாசம் பார்ப்பதில்லை என்று என்னிடம் கதை விடாதே.

நீ எப்படிப் பிரெஞ்சுக்காரன் ஆனாய் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பழக்கம். ஏழாம் மாதம் வளையல் போட்டு என்னைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள், உன்னைப் பெற்றேன், திரும்பி வந்தேன். உலகத்தில் எல்லாப் பெண்களும் செய்கிற காரியம். உன் பெயரை என் தம்பி, உன் மாமா, அங்கே மேரியில் போய் எழுதிவைத்தான். மேரி என்றால் என்ன என்று செஞ்சியில் யாருக்கும் தெரியாது, நம் முனிசிபாலிட்டி ஆபீஸ் மாதிரி. இன்றைக்கு நீ வேலை பார்ப்பதும் ஒரு மேரியில்தான். அன்று தொட்டிலில் கிடந்த உன்னைப் பிடித்தது அந்த ஆபீஸ், இன்றுவரை விடவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு நான் செஞ்சிக்குத் திரும்பி வந்த அன்று எல்லையில் சுங்கக்காரன் வண்டியை நிறுத்தினான். அந்தக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து வருகிற எல்லோரையும் சோதிப்பார்கள், துணி, சென்ட்டு, பிராந்தி என்று எதையாவது ஒளித்து எடுத்துவருவார்கள் என்று. நம் வண்டியிலா பிராந்தி! அவன் என் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தான், பலகாரக் கூடையைக் கிளறினான், அப்புறம் உன்னைச் சுற்றியிருந்த துணியைக்கூட விலக்கிப் பார்த்தான்.

"ஒண்ணியும் இல்ல, கொழந்ததான். போம்மா" என்றான்.

ஒன்றும் இல்லையாம்! அன்று அந்த எல்லையைத் தாண்டி நான் கொண்டுவந்த கடத்தல் சரக்கே நீதான். அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பெரிய பள்ளிக்கூடம் என்று உன்னை மாமன் வீட்டில் விட்டுப் படிக்க வைத்தபோதும் தெரியவில்லை. வெள்ளைக்காரன் புதுச்சேரியை எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிய பிறகு, அங்கே பிறந்தவர்கள் வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருந்துகொள்ளலாம் என்றார்கள். நீ எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்க் கையெழுத்துப் போட்டாய். அந்தச் செய்தியை மாமா பஸ் ஏறி வந்து சொன்னான். உன் நைனா அப்போது மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பைப் போட்டவர் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஒம் பொறந்தூட்டுக்கு அனுப்புனது புள்ள பெத்துக்குனு வரச் சொல்லி. புள்ளைய அவங்களுக்கே எழுதிக் குடுத்துட்டு வரச் சொல்லியா?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என் தாய்வீட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லாத மனிதர் அவர். நீ போட்ட ஒரு கையெழுத்தில் அந்தச் சொல்லையும் நான் கேட்டேன். அதை உன் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

சரி, போனாய். போன இடத்தில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்கிறாய்? உன் கடிதத்திலேயே இருக்கிறது. உன்னோடு மேரியில் வேலை செய்கிற பெரியவர் கேட்டாராம், நீ புதுச்சேரி என்றாயாம், அவர் சந்தோஷப்பட்டு உனக்கு வில்நெவ் சரித்திரப் புத்தகத்தைக் கொடுத்தாராம். உன் மாமனின் ஊரைச் சொல்லி வாங்கிய புத்தகம். உன் நைனாவின் ஊருக்கு வாயில்லையா? செஞ்சி என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது என்று எழுதியிருக்கிறாய். நன்றாகப் புரியும். அவர்களுடைய பாட்டன் முப்பாட்டன் இந்தக் கோட்டையைப் பிடித்து, ராஜகிரி உச்சியில் கொடி நட்டு, கொஞ்ச வருஷம் உட்கார்ந்து பார்த்தவர்கள்தானே. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நம் காய்ச்சலுக்கும் நம் தண்ணீருக்கும் தாங்காமல் வரிசையாகச் செத்தார்கள் என்று நீ பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து எனக்கு நடித்துக் காட்டினாய். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சல்யூட் அடித்து, அடுக்களையில் சுருண்டு விழுந்து காட்டினாய். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தப் பெரியவரிடம் போய் அதை நடித்துக் காட்டு. செஞ்சி எங்கே இருக்கிறது என்று அப்போது புரிந்துகொள்வார்.

எல்லோரும் வந்தவர்கள்தான் என்கிறாயே, நம் ஊரிலும்தான் வந்தார்கள். மராத்தியன் வந்தான், துலுக்க ராஜா வந்தான், நவாபு வந்தான், பிரெஞ்சுக்காரன் வந்தான், இங்கிலீஷ்காரன் வந்தான். வந்த ஒவ்வொருவனும் ஒரு சுவர் கட்டினான், ஒரு குளம் வெட்டினான், போய்விட்டான். இப்போது அந்தச் சுவரில் ஆடு மேய்கிறது. அவர்கள் எல்லோரும் வருவதற்கு முன்னாலேயே நம் ஆட்கள் திருநாதர்குன்றுப் பாறையில் இருபத்துநாலு தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் செதுக்கி உட்கார வைத்துவிட்டார்கள். அவர்கள் எழுந்து எங்கேயும் போகவில்லை. சின்ன வயதில் நீ அவர்களை எண்ணும்போதெல்லாம் ஒருவரை விட்டுவிடுவாய், மறுபடி முதலிலிருந்து எண்ணுவாய். வந்தவர்களின் சரித்திரம்தான் சரித்திரம் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இருந்தவர்களுக்குச் சரித்திரம் இல்லையா? இங்கே வருஷத்தில் இரண்டு மாதம்தான் சங்கராபரணியில் தண்ணீர் ஓடுகிறது, உன் ஆறு வருஷம் முழுக்க வற்றுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். வற்றாது. சாயப்பட்டறைத் தண்ணீரும் கரிப்படகு எண்ணெயும் கலந்து ஓடுகிற ஆறு எப்படி வற்றும்? நம் ஆறு ஓடுகிற இரண்டு மாதமும் புதுச்சேரிப் பக்கம்தான் ஓடிப்போய்க் கடலில் விழுகிறது. நீயும் அதன் வழியே போய்விட்டாய். அந்த வகையில் உனக்கும் ஆற்றுக்கும் பொருத்தம்தான்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை என்பது நம் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்தது அல்ல. நடக்கக் கற்றுக்கொள்கிற மாதிரி கற்றுக்கொண்டோம். நீ போகும்போது நான் வேறு எதையும் கேட்கவில்லை, பொழுதோடு சாப்பிடு என்று மட்டும் சொன்னேன். நீயும் ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், இன்று இத்தனை மணிக்குப் பொழுதோடு சாப்பிட்டேன் என்று எழுதிவந்தாய். உன் கடிதங்களில் நான் திட்டாமல் கேட்ட ஒரே வரி அதுதான். போன ஆனி மாதம் ஒரு கடிதம் வந்தது. இன்று ராத்திரி எட்டரை மணிக்கு ஆற்றோரம் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று. நைனா படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ராத்திரி எட்டரைக்கு வெயிலாம்! நோன்பை விட்டதுகூட எனக்குப் பெரிதில்லை, பசி யாருக்கும் வரும். ஆனால் அதை மறைக்க இப்படி ஒரு புளுகா? கொஞ்சமாவது நம்புகிற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா? பத்மாவைக் கூப்பிட்டு, "ஒம் புருசன் பொய் சொல்லக் கத்துக்கினான்டி" என்றேன். அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா வந்தபோது கேட்டேன். "ஆமாக்கா, அந்தத் தேசத்துல கோடையில அப்பிடித்தான். ஒம்போது மணி வரைக்கும் பொழுது இருக்குது" என்றான். அவன் உன் பக்கத்து ஆள், அவன் பேச்சை எடுத்துக்கொள்ள முடியாது. சூரியனுக்கு ஊருக்கு ஒரு நியாயமா? பிறகு கார்த்திகையில் எழுதினாய். இப்போதெல்லாம் நாலரைக்கே பொழுது சாய ஆரம்பித்து, ஐந்துக்குள் இருட்டிவிடுகிறது, ஆபீஸ் விட ஆறு ஆகிறது, அதனால் மேசையடியில் ரொட்டியை வைத்திருந்து நாலரைக்கே கடித்து முடித்துவிடுகிறேன், அப்புறம் காலைவரை ஒன்றும் இல்லை என்று. இது பொய் மாதிரி தோன்றவில்லை. பொய் சொல்கிறவன் தன் வயிற்றைக் காயப்போட்டுப் பொய் சொல்லமாட்டான். ஆனாலும் உன் ஊரின்மேல் எனக்கு இருந்த கோபம் அதில் இரண்டு மடங்காயிற்று. வெயில் காலத்தில் ஒன்பது வரை பொழுதைத் தொங்கவிட்டு, குளிர் காலத்தில் பிள்ளை சாப்பிட்டு முடிப்பதற்குள் விளக்கை அணைக்கிற ஊர் என்ன ஊர்? அந்த ஆனி மாதக் கதையை இன்றைக்கும் நான் முழுசாக நம்பவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மார்கழியில் ஒருநாள் மண்டி ஆட்களுக்குக் காப்பி போட என்று நான் நாலரைக்கே அடுக்களைக்குப் போனேன். பத்மா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஐந்தேகாலுக்கு உட்காருவதுதான் வழக்கம். அந்தக் கொஞ்ச நாளாக அவள் பசியில்லை என்று சொல்லி எங்களுக்குப் பரிமாறிவிட்டு எழுந்துவிடுவாள். நான் ஏதோ ஏக்கம் என்று விட்டிருந்தேன்.

"இன்னாடி இது, இந்நேரத்துல?" என்றேன்.

கையை எடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். "அவுருக்கு அங்க பொழுது போவுது அத்தே. நாலரைக்குச் சாப்புட்டாத்தான் உண்டுன்னு எழுதிக்கிறாரே."

"அங்க போனா இங்க இன்னாடி? இங்கதான் இன்னும் வெயில் அடிக்குதே?"

"நான் மட்டும் அப்பறமா சாப்ட்டா ஒரு மாதிரி இருக்குது."

எனக்கு அவளை மடக்கவேண்டும் போல இருந்தது. "அங்க நாலரை ஆவும்போது நமக்கு ராத்திரி ஒம்போதாம். மாமா சொன்னான். நீ சாப்புடற இந்நேரம் அவன் இன்னும் மத்தியானச் சோறே துன்னுருக்கமாட்டான். ஒண்ணா சாப்புடறதா நெனச்சினு தனியாத்தான் சாப்புடற" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கடியாரம் எப்படியோ போவட்டும் அத்தே. அங்க நாலரைன்னா எனக்கு இங்கயும் நாலரைதான்."

உன் மேரிப் பெரியவரின் சரித்திரப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறதா பார். தப்பான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். பால் பொங்கி வழிந்தது.

தையில் மாமா உன் கடிதத்தோடு டிக்கெட்டும் கொண்டுவந்தான். நைனா படித்து முடித்ததும் டிக்கெட்டை நான் வாங்கிக்கொண்டேன். பத்மாவிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டாம் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். கடைசி வரியை நைனா அவள் காதில் விழாமல் தாழ்ந்த குரலில்தான் படித்திருந்தார். டிக்கெட்டைத் துவரம்பருப்பு டப்பாவில், அடியில், பருப்புக்குக் கீழே புதைத்து வைத்தேன். ஏன் என்று கேட்கிறாயா? பத்மா இங்கே இருக்கும்வரை நீ திரும்பி வருவாய். கல்யாணத்துக்கு வந்தாய், தாலி கட்டினாய், ஒரு மாதம் இருந்தாய், போய்விட்டாய். மறுபடி வருவதற்கு உனக்கு இங்கே இருக்கிற காரணம் அவள்தான். நானும் நைனாவும் காரணமாக இருந்திருந்தால் முதலிலேயே போயிருக்கமாட்டாய். அவளையும் கப்பலேற்றிவிட்டால் அந்தக் கயிறும் போயிற்று. அப்புறம் உனக்குச் செஞ்சி எதற்கு? சரித்திரத்தில் ஒரு பாராவுக்கு. இது தப்பென்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எந்தத் தாயும் செய்வாள். உன் நைனா மட்டும், "ரேசன் கடையில நிக்கறதுக்கு ஒரு ஆளு வோணும்னு வச்சினு இருக்கறியா?" என்று கேட்டார். அன்று அவரோடு பேசவில்லை.

போன வாரம் நான் பருப்பு எடுக்கப் போனேன். டப்பாவைத் திறந்தால் டிக்கெட் மேலே இருக்கிறது. அடியில் புதைத்தது நான். மேலே, தூசு துடைத்து, மடிப்பு கலையாமல் வைக்கப்பட்டிருக்கிறது. இந்த வீட்டில் தினமும் பருப்பு எடுப்பவள் அவள் என்பதை அதை ஒளித்தபோது மறந்தே போனேன். தினமும் எடுத்திருக்கிறாள், பருப்பை அளந்திருக்கிறாள், திரும்ப வைத்திருக்கிறாள். புதுப் பருப்பு வாங்கிக் கொட்டியபோது அதை எடுத்து வைத்திருந்து, கொட்டி முடித்தபின் மேலே வைத்திருக்கிறாள். ஒரு நாளும் முகத்தில் காட்டவில்லை.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன் அத்தே."

"ஏன்டி கேக்கல?"

"நீங்களே குடுப்பீங்கன்னு இருந்தேன்."

"குடுக்கலன்னா?"

டப்பாவை மூடினாள். "தேதி தாண்டிப்போச்சுன்னா அடுப்புல போட்டுடலாம்னு இருந்தேன். ஒங்க கையால அதப் போட வெக்கக் கூடாது பாருங்க" என்றாள்.

எனக்கு அத்தனை கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. இப்படிப்பட்ட ஒருத்தியை விட்டுவிட்டு ஒரு பள்ளத்து ஊரில் உட்கார்ந்து மேட்டையும் வளைவையும் வருணித்துக்கொண்டிருக்கிற உன்மேல். அவளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்த நானும் ஏமாந்தவள்தான். மார்கழி பிறந்த நாளிலிருந்தே அவள் இங்கே இல்லை. நான் வைத்துக்கொண்டிருந்தது அவளுடைய புடவையையும் செருப்பையும்தான்.

ஆகவே அனுப்புகிறேன். இந்தக் கடிதம் அவள் பெட்டியில்தான் வருகிறது. மாமா பம்பாய் வரை கூடப்போகிறான். நீ ஜெயித்துவிட்டதாகவோ உன் ஊர் ஜெயித்துவிட்டதாகவோ நினைக்காதே. உன் பூகோளத்தில் ஒரு பக்கத்துக்காகவும் நான் அனுப்பவில்லை.

வந்ததும் அவளை ஆற்றைப் பார்க்கக் கூட்டிப்போகாதே. அவள் அத்தனை நாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள், அவளுக்கு வேண்டியது தரை. சரித்திரம் சொல்லாதே. முதல் வாரம் அவள் அழுதால் ஏன் அழுகிறாய் என்று கேட்காதே, அந்த ஊரில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க உனக்கு அருகதை இல்லை. குழாய்த் தண்ணீர் சுத்தம் என்று பெருமை பேசாதே, வடிகட்டிக் குடிப்பதற்கு வெள்ளைத் துணி மடித்து வைத்திருக்கிறேன், மறுவார்த்தை பேசாமல் குழாயில் கட்டு. தகரக் கொட்டகைக்காரர்கள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவனாக அவள் உன்னைப் பார்க்கக் கூடாது. அவளை யாராவது எந்த ஊர் என்று கேட்டால் அவள் செஞ்சி என்றுதான் சொல்வாள். அவளுக்குச் சொல்லத் தெரியும். பக்கத்தில் நின்று புதுச்சேரி என்று திருத்தினாய் என்று எனக்குத் தெரியவந்தால் அப்புறம் நீ எழுதுகிற கடிதத்தை நான் உரிக்கப்படாத மல்லாட்டை மூட்டையில்தான் போடுவேன். பிள்ளை உண்டானால், முதல் பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பவேண்டும். அவள் தாய்வீடு மேல்மலையனூர்ப் பக்கம், எந்த மேரியும் கிடையாது. இது கெஞ்சல் இல்லை. என்னிடம் ஒரு பிள்ளையைக் கடன் வாங்கி ஏமாற்றிய ஊர், அதற்கு இன்னொன்றை நான் தரமாட்டேன்.

இப்போது மாசி. உன் போன கடிதத்தில் ஆறு மணிக்குப் பொழுது சாய்ந்ததாக எழுதியிருந்தாய். இங்கேயும் கிட்டத்தட்ட அப்படித்தான். இந்தக் கொஞ்ச நாள் மட்டும் உன் ஊரும் நம் ஊரும் ஒரே கடிகாரத்தில் இருட்டுகின்றன என்று பத்மா கண்டுபிடித்துச் சொன்னாள். அதனால் மறுபடி எங்களோடு ஐந்தேகாலுக்கே உட்காருகிறாள். இன்று மூன்று தட்டு வைத்தேன். நைனா தன் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தார், அது அவர் வழக்கமே இல்லை.

இனிமேல் வெயில் காலம் வரும், உங்களுக்குப் பொழுது நீண்டுகொண்டே போகும். நீங்கள் இரண்டு பேரும் எட்டரை மணி வெயிலில் ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிடுவீர்களோ என்னவோ, அது உங்கள் பாடு. அப்போது நான் விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருக்கும், வயிற்றோடு சேர்த்து உன் ஊரையும் திட்டிக்கொண்டு படுத்திருப்பேன். கார்த்திகை வரும்போதுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. நாலரைக்கு நீ மேரியில் மேசையடி ரொட்டியைக் கடித்துக்கொண்டிருப்பாய். ஆறு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவாய். அந்நேரம் அவள் அந்த வீட்டில் ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிடுவாள், வெளியே இருட்டிக்கொண்டு வரும். இங்கே உனக்காகத் தனியாகச் சாப்பிட்டவள், அங்கே போயும் தனியாகத்தான் சாப்பிடவேண்டும்.

அதனால் வருகிற கார்த்திகையிலிருந்து இந்த வீட்டில் நாலரைக்குத் தட்டு வைப்பேன். உன் நைனா கத்துவார், மண்டியிலிருந்து வர முடியாது என்பார். அவர் வழக்கம்போல ஐந்தேகாலுக்கே சாப்பிடட்டும். மாமா சொன்ன கடிகாரக் கணக்கெல்லாம் எனக்கும் தெரியும். அங்கே நாலரை என்றால் எனக்கு இங்கேயும் நாலரைதான். அவளிடம் சொல்லிவை, அத்தை எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்று.

அவளுக்காகத்தான். உனக்காக இல்லை.

அம்மா